ஆட்குறைப்புக்குப் பிறகு டைல்ஸ் வேலை: எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டலாம்?

"நான்கே வாரத்தில் டைல்ஸ் நிபுணர் ஆகலாம்" என்ற விளம்பரத்தை வேலையில் இருக்கும்போது படித்தால் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம். ஆட்குறைப்பில் வெளியே வந்த மாதத்தில், இழப்பீட்டுத் தொகை கணக்கில் விழுந்த வாரத்தில் படித்தால், விண்ணப்பத்தைப் பாதி நிரப்பியிருப்போம். தொழில் மாற நினைப்பதில் தவறு ஒன்றும் இல்லை. டைல்ஸ் பதிக்கும் வேலையை யாரும் கணினி வழியாக வேறு ஊருக்கு அனுப்பிவிட முடியாது. நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டு கௌரவமாகச் சம்பாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தடுமாற்றம் எல்லாம் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். எத்தனை நாள், எவ்வளவு கட்டணம், சான்றிதழ் உண்டா என்று மூன்றைக் கேட்டுவிட்டுப் பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

நான் கேட்கச் சொல்வது வேறு. விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, எத்தனை மணி நேரம் நீங்கள் தப்பாகப் பதித்து, பிடுங்கி, மறுபடி பதிப்பீர்கள்? அது கோணலான சுவரிலும் மேடுபள்ளமான தரையிலும் நடக்குமா? பயிற்சி முடிந்த மறுவாரம் யாருடைய வேலையில் போய் நிற்பீர்கள்? இவற்றுக்குப் பதில் இருந்தால் மலிவான பயிற்சியும் போதும். பதில் இல்லையென்றால் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் கையில் ஒரு காகிதம்தான் மிஞ்சும்.

எதைக் கற்கப் பணம் கொடுக்கிறோம்

டைலை ஒட்டுவது இந்த வேலையின் சுலபமான பகுதி. கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு வாரத்தில் ஓரளவு வந்துவிடும். வீட்டுக்காரர் ஒரு வருடம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறார் என்றால், அதற்கான காரணம் பெரும்பாலும் டைலுக்கு அடியில் இருக்கும். தளம் காய்ந்திருக்காது, அல்லது மட்டமாக இருந்திருக்காது. தூசியைத் துடைக்காமல் பசை போட்டிருப்பார்கள். சுவரோரத்தில் விரிந்துகொடுக்க இடம் விடாமல் இறுக்கிப் பதித்திருப்பார்கள். வெப்பத்தில் டைல்கள் ஒன்றையொன்று நெருக்கி நடுவில் எழும்பி நிற்கும்.

புதிதாகப் போட்ட சிமெண்ட் தளம், நல்ல காற்றோட்டம் இருந்தால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் காயும் என்பது தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு. 50 மில்லிமீட்டர் கனமுள்ள தளம் என்றால் ஏறக்குறைய ஏழு வாரம் காத்திருக்க வேண்டும். சிமெண்டுக்குப் பதில் ஜிப்சம் வகைப் பொருளால் போட்ட கால்சியம் சல்பேட் தளமாக இருந்தால் இன்னொரு வம்பு. மேல் படலத்தைத் தேய்த்தெடுத்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து மூடாமல் சிமெண்ட் கலந்த பசையை நேரே போட்டால் இரண்டும் வினைபுரிந்து வீங்கும், டைல் அப்படியே விட்டு வந்துவிடும். மட்டத்துக்கும் கணக்கு உண்டு. பிரிட்டன் தரவிதிப்படி 2 மீட்டர் மட்டப்பலகையைத் தரையில் வைத்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. டைல் பெரிதாகப் பெரிதாக இந்தக் கண்டிப்பு கூடும்.

அடுத்தது பசை. சுவருக்கான சாதாரண செராமிக் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். போர்சலைன் என்ற இறுக்கமான டைல் 0.5 சதவீதத்தைத் தாண்டாது. டைலைத் தொட்டியில் ஊறப்போட்டு, சிமெண்ட் பால் தடவி ஒட்டிய பழைய முறை முதல் வகைக்குப் பொருந்தியது. போர்சலைனை இரவு முழுவதும் ஊறப்போட்டாலும் அது குடிக்கப்போவதில்லை; சிமெண்ட் பால் பிடித்துக்கொள்ள அதில் துளை இல்லை. பாலிமர் சேர்த்த பசைதான் அதைத் தாங்கும். பயிற்றுநர் ஒருவர் போர்சலைனை ஊறப்போடச் சொன்னால் மரியாதையாக விடைபெற்றுக்கொள்ளுங்கள்.

பசை மூட்டையின் மேல் சில குறிகள் அச்சிட்டிருக்கும். ஈஎன் 12004 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி சி1 என்றால் ஒட்டுவலிமை சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 0.5 நியூட்டன், சி2 என்றால் 1 நியூட்டன். டி என்ற குறி, சுவரில் டைல் வழுக்கி இறங்காது என்பதற்கு. இ என்றால் விரித்த பசை 30 நிமிடம் வரை பிடிக்கும். எஸ்1, எஸ்2 இரண்டும் வளைந்துகொடுக்கும் திறனைச் சொல்பவை. இதைப் படிக்கத் தெரியாமல் பயிற்சியை முடிப்பவர், காலம் முழுக்கக் கடைக்காரர் எடுத்துக்கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார்.

பிறகு அளவுக் கணக்கு. 3,100 மில்லிமீட்டர் அகலமுள்ள அறை, 600 மில்லிமீட்டர் டைல், 3 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். சுவரோர இடைவெளியை இப்போதைக்கு மறந்துவிடலாம். ஒரு சுவரிலிருந்து முழு டைலாகப் போட்டுக்கொண்டே வந்தால் ஐந்து டைல் முடிந்து, எதிர்ச் சுவரில் 85 மில்லிமீட்டர் துண்டு விழும். சுவர் சற்றுக் கோணலாக இருந்தால் அந்தத் துண்டு ஒரு முனையில் 85, மறுமுனையில் 70 என்று ஒடுங்கும். வாசலில் நிற்கிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். நடுவிலிருந்து தொடங்கி நான்கு முழு டைல் மட்டும் வைத்தால் இரு ஓரமும் சுமார் 342 மில்லிமீட்டர், அதாவது பாதி டைலுக்கு மேல். கோணல் இருந்தாலும் தெரியாது. ஒரு டைல் குறைவாக வைத்ததில் அறையே ஒழுங்காகிவிடுகிறது. பசை வாளியைத் திறப்பதற்கு முன்பே, நூல் பிடித்துப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு இது. ஒரு பயிற்சியில் இதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அரை நாள்கூட இல்லை.

குளியலறை வாட்டத்தையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் வடிகாலுக்கு ஓட மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் சரிவு தேவை. அந்தச் சரிவைத் தளத்திலேயே கொடுத்திருக்க வேண்டும். பசையைக் கூட்டிக் குறைத்துச் சமாளிப்பது ஒப்பேற்றல். நான்கு பக்கத்திலிருந்தும் வடிகாலை நோக்கிச் சரியும் தரையில் பெரிய டைலைப் போட்டால் அது ஏதோ ஒரு மூலையில் தூக்கி நிற்கும், குறுக்காக வெட்டித்தான் உட்கார வைக்க முடியும். சமதளப் பலகையில் மட்டும் பழகியவருக்கு இந்தப் பிரச்சினை இருப்பதே தெரியாது.

ஒன்று முதல் நான்கு வாரத் தீவிரப் பயிற்சி

ஆட்குறைப்பில் வந்தவர்களைக் குறிவைப்பது பெரும்பாலும் இந்த வகைதான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஒரு பெரிய கூடத்தில் மரச் சட்டமும் பலகையும் கொண்டு சிறு கூண்டுகள் கட்டியிருப்பார்கள். ஆளுக்கு ஒன்று. முதல் நாள் கருவிகள், வெட்டுதல், அடுத்து சுவர், அடுத்து தரை, கடைசியில் இடைவெளி நிரப்புதல். கற்றுக்கொடுப்பதில் குறை சொல்ல முடியாத இடங்கள் உண்டு. ஆனால் அந்தக் கூண்டின் சுவர்கள் தூக்குக்குண்டு வைத்தாற்போல் நேராக இருக்கும், மூலைமட்டம் பிசகாது. பழைய வீட்டின் குளியலறை அப்படி ஒருநாளும் இருக்காது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. டைலைத் திரும்பப் பயன்படுத்துவதற்காகப் பல பயிற்சிக்கூடங்களில் இறுகாத கலவையில் பதிக்கச் சொல்வார்கள். மறுநாள் கழற்றிக் கழுவிவிடலாம். செலவைக் குறைக்க வேறு வழியில்லை, புரிகிறது. ஆனால் நிஜப் பசை வாளியிலேயே இறுகத் தொடங்கும்போது ஏற்படும் பதற்றம் அங்கே வராது. ஒரே மூச்சில் எவ்வளவு கலக்கலாம், எத்தனை டைலுக்கு விரிக்கலாம், மேலே படலம் கட்டிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது எப்படி என்பதெல்லாம் அந்தப் பதற்றத்தில்தான் பிடிபடும். குறைந்தது ஓரிரு நாளாவது உண்மையான பசையில் வேலை உண்டா என்று கேளுங்கள்.

கட்டணத்தை நாள் கணக்கில் பிரிக்காமல் பயிற்றுநரின் கவனத்தில் பிரியுங்கள். ஐந்து நாள், நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் 35 மணி நேரம். ஒரு பயிற்றுநருக்குப் பத்துப் பேர் என்றால் உங்கள் பங்கு மூன்றரை மணி. ஐந்து பேர் என்றால் ஏழு மணி. இரண்டாவது இடத்தின் கட்டணம் ஒன்றரை மடங்கு என்றாலும் உண்மையில் அதுதான் மலிவு. விளம்பரத்தில் இந்த எண்ணிக்கை இருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள். கேட்டும் சொல்லவில்லை என்றால் அதுவே பதில்.

பிறகு ஏன் இந்தப் பயிற்சிக்குப் போக வேண்டும்? உங்கள் முழங்காலும் முதுகும் பொறுமையும் இந்த வேலைக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள இதைவிடக் குறைந்த செலவில் வழி இல்லை. ஆகவே ஐந்து நாளுக்குச் சேருங்கள். நான்கு வாரத்துக்கு ஒரே தவணையில் கட்டாதீர்கள். ஒரே இடத்தில் இரண்டும் இருந்தால் முதல் வாரம் முடிந்த பிறகு தொடரலாமா என்று பேசிப் பாருங்கள்; நியாயமான இடம் ஒத்துக்கொள்ளும்.

மாதக்கணக்கில் நடக்கும் மாலை வகுப்பும் தொழில்பழகுநர் பணியும்

தொழிற்கல்வி நிலையங்கள் மாலையிலோ வார இறுதியிலோ நடத்தும் வகுப்புகளுக்கு ஒரு அருமையான குணம் உண்டு. ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வாரம் கிடைக்கிறது. அந்த வாரத்தில் வீட்டுக் கொல்லைப்புறத்திலோ தெரிந்தவர் வீட்டுச் சேமிப்பறையிலோ செய்து பார்த்து, தப்பைப் படமெடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம். தீவிரப் பயிற்சியில் இந்த ஊறும் நேரம் கிடைக்காது. கட்டணமும் பொதுவாகக் குறைவு. குறை என்னவென்றால், கல்வியாண்டு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டிவரலாம், அதுவரை வீட்டுச் செலவு நிற்காது. பகுதிநேர வருமானம் ஏதாவது கைவசம் உள்ளவர்களுக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

தொழில்பழகுநராகச் சேர்வது எல்லாவற்றிலும் சிறந்த கல்வி, பெரியவர்களுக்கு எல்லாவற்றிலும் கடினமான வழி. ஜெர்மனியில் இதற்கு மூன்று ஆண்டு. பழகுநர் ஊதியம் பதினெட்டு வயதுக்காரரை மனத்தில் வைத்து நிர்ணயித்தது. வீட்டுக்கடனும் பள்ளிக் கட்டணமும் உள்ளவர் அதில் மூன்று ஆண்டு தாக்குப்பிடிப்பது கஷ்டம். இழப்பீட்டுத் தொகையை மாதமாதம் எடுத்து அந்தக் குறையை ஈடுகட்ட முடியும் என்றால், வயதைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. பயிற்சிக் கட்டணமாகப் போயிருக்கும் பணம் சாப்பாட்டுச் செலவாகப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நேரே ஒரு மேஸ்திரியிடம் கையாளாக

பயிற்சியே இல்லாமல் நேரே வேலைக்குப் போவதை ஒரு தேர்வாகவே பலர் எண்ணுவதில்லை. பழைய அலுவலக வேலைக்கும் கையாள் வேலைக்கும் இடையில் உள்ள கௌரவ இடைவெளிதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் பழகுநர் பணியைத் தவிர, சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொடுக்கும் ஒரே வழி இதுதான். மூட்டை தூக்குவது, கலவை கலப்பது, பழைய டைலைப் பெயர்ப்பது, இடைவெளி நிரப்பித் துடைப்பது என்று ஆரம்பிக்கும். பெயர்க்கும் வேலையை அலட்சியமாக நினைக்காதீர்கள். ஒரு டைலைப் பெயர்த்து அதன் முதுகைப் பார்த்தால், முன்பு பதித்தவர் செய்த குற்றம் எழுதி வைத்தாற்போல் தெரியும். நான்கு மூலையும் நடுவும் மட்டும் ஐந்து உருண்டையாகக் கலவை வைத்திருப்பார்; மற்ற இடம் வெற்றிடம். தட்டினால் பொக்குச் சத்தம் வந்ததும், கனமான பொருள் விழுந்த மூலை உடைந்ததும் அதனால்தான். அமெரிக்கத் தரவிதி, உலர்ந்த இடத்தில் டைலின் அடிப்பரப்பில் 80 சதவீதமும், ஈரம் படும் இடத்தில் 95 சதவீதமும் பசை படிந்திருக்க வேண்டும் என்கிறது. இந்த எண்கள் வகுப்பறையில் மனத்தில் நிற்காது. பெயர்த்த டைலைப் பார்த்தவருக்கு மறக்காது.

அபாயம் இரண்டு. மாதக்கணக்கில் மூட்டையே தூக்கிக்கொண்டிருக்க நேரலாம். ஆகவே சேரும்போதே பேசிக்கொள்ளுங்கள்: இரண்டாம் மாதத்திலிருந்து யார் கண்ணிலும் படாத இடங்களை, அலமாரிக்குள், சலவை இயந்திரத்துக்குப் பின்னால் என்று, என்னைப் பதிக்க விடுவீர்களா? இரண்டாவது அபாயம், ஒரே ஆளிடம் கற்றால் அவருடைய கெட்ட பழக்கமும் சேர்ந்து வரும். "இருபது வருடமாக இப்படித்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவரிடம் அவர் பதித்த பழைய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் கூட்டிப் போகிறவரிடம் சேரலாம்.

பசை நிறுவனங்களின் பட்டறை, வீடியோக்கள்

மாபெய், லாட்டிகிரீட், ஷ்லூட்டர் போன்ற நிறுவனங்கள் தொழிலாளர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகின்றன. தங்கள் சரக்கை விற்கத்தான் நடத்துகிறார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் நீர்காப்புப் படலம், பசையின் வகைகள், தளத்தின் ஈரம் பற்றி இவர்கள் சொல்லித்தரும் அளவுக்கு வேறெங்கும் கிடைப்பது அரிது. பொருள் தோற்றால் புகார் அவர்கள் தலையில்தான் வந்து விழும் என்பதால் தோல்விகளைக் கரைத்துக் குடித்திருப்பார்கள். கை ஓரளவு பழகிய பிறகு போங்கள். தொடக்கத்திலேயே போனால் கையேட்டுப் பையோடு திரும்புவீர்கள்.

வீடியோக்கள் பார்க்கலாம். எப்படிச் செய்வது என்று காட்டும், நீங்கள் செய்ததில் என்ன தப்பு என்று சொல்லாது. இதற்குத் தனியாகச் சந்தா கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சான்றிதழ் என்ற காகிதம்

பயிற்சி நிலையம் தருகிற சான்றிதழும், தொழில் செய்ய நாடு கேட்கிற தகுதியும் ஒன்றல்ல. இதில் ஏமாந்தவர்கள் நிறைய. பிரிட்டனில் இரண்டாம் நிலை என்விக்யூ என்ற தேசியத் தொழில் தகுதிக்கு, உண்மையான பணியிடத்தில் நீங்கள் செய்த வேலையை மதிப்பீட்டாளர் பார்த்தாக வேண்டும். கூண்டுக்குள் பதித்தது கணக்கில் வராது. கட்டுமான இடங்களில் கேட்கப்படும் நீல நிறத் திறன் தொழிலாளர் அட்டைக்கு வழி அந்தத் தகுதிதான். அமெரிக்காவில் 2008 முதல் வழங்கப்படும் டைல் பதிப்பாளர் சான்றிதழுக்கு, ஏற்கனவே இரண்டு ஆண்டாவது முழுநேரம் பதித்த அனுபவம் வேண்டும். எழுத்துத் தேர்வோடு, கையால் பதித்துக் காட்டும் தேர்வும் உண்டு. ஜெர்மனியில் சொந்தமாகத் தொழில் நடத்த மாஸ்டர் பட்டம் (கைத்தொழிலில் உயர்நிலைத் தகுதி) வேண்டும் என்ற விதியை 2004-இல் நீக்கினார்கள், 2020-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியாவில் மூன்றாம் நிலைச் சான்றிதழ் பெரும்பாலும் பழகுநர் பணியோடு சேர்ந்தே வரும்.

இவற்றுக்குள் ஒரு ஒற்றுமை தெரிகிறது. மதிப்புள்ள தகுதிகள் எல்லாம் நிஜ வேலையைக் கேட்கின்றன. ஆகவே "எங்கள் பயிற்சி முடித்தால் தகுதி பெற்றவர் ஆகிவிடுவீர்கள்" என்று ஒருவர் சொன்னால், எந்தத் தகுதி, யார் வழங்குவது, பணியிட மதிப்பீடு கட்டணத்தில் அடங்குமா, அந்தப் பணியிடத்தை யார் ஏற்பாடு செய்வது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "நீங்களேதான்" என்று பதில் வரும். அது குற்றமில்லை, ஆனால் பணம் கட்டும் முன் தெரிந்திருக்க வேண்டும்.

உடம்பு

நாற்காலியில் இருந்து வருகிறவர்கள் இதைக் குறைத்து எடைபோடுகிறார்கள். 600-க்கு 1,200 மில்லிமீட்டர் அளவில், 9 மில்லிமீட்டர் கனமுள்ள போர்சலைன் ஒன்று ஏறத்தாழ 15 கிலோ. பசை மூட்டை 20 அல்லது 25 கிலோ. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க மண்டியிடும்போது முழங்கால் முன்பக்கம் வீங்குவது இத்தொழிலின் பழைய நோய். நல்ல முழங்கால் காப்புக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். ஈரச் சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உடையது, நனைந்த கால்சட்டையோடு அதில் மண்டியிட்டால் தோல் வெந்துவிடும். உலர்வாக வெட்டும்போது எழும் சிலிக்காத் தூசி வெறும் இருமலோடு போகாது. 1997-இலேயே புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பயிற்சிக்கூடத்தைப் பார்க்கப் போகும்போது, தண்ணீர் விட்டு வெட்டுகிறார்களா, தூசி உறிஞ்சி இருக்கிறதா, பயிற்றுநர் முகத்தில் முகமூடி இருக்கிறதா என்று பாருங்கள். தன் நுரையீரலைப் பற்றிக் கவலைப்படாதவர் உங்களுடையதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்.

யாருக்கு எது

ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்க முடிகிறவர் என்றால்: ஐந்து நாள் பயிற்சி, பிறகு ஒரு மேஸ்திரியிடம் நான்கைந்து மாதம் கையாள், நடுவில் ஒரு நிறுவனப் பட்டறை, கடைசியில் பணியிட மதிப்பீட்டோடு கூடிய தகுதி. இதன் மொத்தச் செலவு பெரும்பாலும் ஒரு நான்கு வாரப் பயிற்சியின் கட்டணத்தைத் தாண்டாது, கையாள் கூலியும் கிடைக்கும். வேறு வேலை கையில் இருந்தால் மாலை வகுப்பு. உடனே சம்பாதித்தாக வேண்டிய நெருக்கடியில் இருப்பவர் பயிற்சிக்குப் பணமே கட்ட வேண்டாம், நேரே கையாளாகப் போய்விடலாம். நான்கு வாரத் தீவிரப் பயிற்சி யாருக்குப் பொருந்தும் என்றால், முடித்ததும் சேர்த்துக்கொள்ள உறவினரோ நண்பரோ ஏற்கனவே இத்தொழிலில் காத்திருப்பவருக்கு. அவருக்கு அது பெரிய உதவி. முதல் நாளிலிருந்தே வெட்டத் தெரிந்த ஆளாகப் போய் நிற்கலாம்.

"தொழில் நடத்தும் கலை" என்று இரண்டு நாள் பாடத்தைச் சேர்த்துக் கட்டணத்தை ஏற்றும் இடங்கள் உண்டு. விலைப்புள்ளி எழுதுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது, சொன்ன தேதியில் முடிப்பது எல்லாம் அதில் வரும். பதினைந்து வருடம் அலுவலகத்தில் இருந்துவிட்டு வருகிற உங்களுக்கு அதைத் திரும்பக் கற்கப் பணம் தேவையில்லை. உண்மையில் இந்தத் தொழிலுக்கு நீங்கள் கொண்டுவரும் முதலீடே அதுதான்.

பணம் கட்டும் முன் பழைய நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆட்குறைப்பு உடன்பாட்டில் மறுபயிற்சிச் செலவைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. அரசு உதவித்தொகைக்கும் பல இடங்களில் இதே வரிசைதான். பயிற்சிக் கட்டணத்தை ஏற்கும் ஜெர்மனியின் கல்விச் சீட்டு, பயிற்சியில் சேருவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டியது. பயிற்சி நிலையத்திடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: ஒரு பயிற்றுநருக்கு அதிகபட்சம் எத்தனை பேர், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும், தகுதியை வழங்கும் அமைப்பின் பெயர். வேலை உத்தரவாதம் என்று வாயால் சொன்னதை எழுதித் தரச் சொன்னால் பெரும்பாலும் அது "வேலை தேட வழிகாட்டுதல்" என்று சுருங்கிவிடும். வகுப்பு நடக்கும் நாளில் போய், புதிதாகப் பதித்த ஒரு டைலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தாங்களே அடிக்கடி தூக்கிப் பார்க்கும் இடம் என்றால் சட்டென்று ஒரு கரணை நீளும்.

கருவிப் பெட்டி இலவசம் என்பதில் மயங்க வேண்டாம், அதன் விலை கட்டணத்தில்தான் இருக்கிறது. தொடங்குவதற்கு நல்ல கை வெட்டுக் கருவி ஒன்று, 6, 10 மில்லிமீட்டர் பல் வைத்த இரண்டு கரணை, நீளமான ரசமட்டம், ரப்பர் சுத்தியல், முழங்கால் காப்பு, முகமூடி போதும். தண்ணீர் விட்டு வெட்டும் பெரிய இயந்திரத்தை முதல் சில மாதங்களுக்கு வாடகைக்கு எடுங்கள்.